வயல் நாள் முடிந்த பிறகு என்ன? நகரக் குடியிருப்புகளையும் பக்கத்து ஊர் விவசாயிகளையும் இணைக்கும் முயற்சிகள் குறித்து

காவிரிக்கரை வாசி:

திருச்சியில் 140 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பின் நலச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற ஆண்டு ஆவணியில், லால்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் விவசாயி ஒருவரின் வயலில் எங்கள் குழந்தைகளுக்காக ‘வயல் நாள்’ நடத்தினோம். இரண்டு பேருந்துகளில் போனோம். பிள்ளைகள் சேற்றில் இறங்கி நாற்று நட்டார்கள், வாய்க்காலில் குளித்தார்கள், வாழை இலையில் சாப்பிட்டார்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படங்களைத் தவிர வேறு பேச்சே இல்லை.

தை மாதம் முடியும் தறுவாயில் அந்த விவசாயி என்னை அழைத்தார். தூயமல்லி என்ற மரபு நெல் 20 மூட்டை கண்டிருப்பதாகவும், அரைத்துக் கொடுத்தால் எங்கள் வீடுகளில் எடுத்துக்கொள்வார்களா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார். குழுவில் அறிவித்தேன். மூன்று வீட்டார் ஐந்தைந்து கிலோ வாங்கினார்கள். அவர்களிலும் ஒருவர் சோறு குழைந்துவிட்டதாகச் சொல்லி மீதியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அந்த ஊருக்கு வேறு வேலையாகப் போனபோது, பிள்ளைகள் நட்ட பகுதியை மறுநாள் நான்கு பெண்களைக் கூலிக்கு வைத்து மறுபடியும் நட வேண்டியிருந்ததையும், நாங்கள் மிதித்ததில் ஒரு வரப்பு உடைந்ததையும் பக்கத்து வயல்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வயலுக்கு உரியவர் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

இந்த ஆண்டும் அதே நிகழ்ச்சியை நடத்தச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அதில் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை. வயலையும் வீட்டையும் இணைக்கும் முயற்சிகளில் உண்மையாகவே நிலைத்தவை எவை, ஏன் நிலைத்தன என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற உதவி அலுவலர்:

வேளாண்மைத் துறையில் 31 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் மாநிலத்தில் பொதுமக்களை விவசாயியோடு இணைத்த முயற்சிகளில் மிகப் பெரியது எதுவென்று கேட்டால், யாரும் விழா என்றோ விழிப்புணர்வு என்றோ நினைக்காத உழவர் சந்தையைத்தான் சொல்வேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. அதற்கு முன்பே பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ வந்திருந்தது. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ தொடங்கியிருந்தார்கள். ஆனால் நம் ஊரில் அதை அமைத்த விதம் வேறாக இருந்தது. புகைப்பட அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் உட்கார முடியும். கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், காய்கறி மூட்டையோடு ஏறிவரப் பேருந்து வசதி செய்யப்பட்டது.

விலைப் பலகையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மொத்தச் சந்தையின் விலையையும் வெளிச்சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி அன்றைய விலையை முடிவு செய்து பலகையில் எழுதுவார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஆதாயம் எவ்வளவு என்பது சுண்ணாம்புக்கட்டியில் எழுதப்பட்டுக் கண்முன்னே நிற்கும். யாரும் யாருக்கும் உழவின் மேன்மையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஆனாலும் எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரே கீரைக்கார அம்மாவிடம் பதினைந்து ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அவர் ஒரு வாரம் வரவில்லையென்றால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

அதில் குறைகளும் உண்டு. ஆட்சி மாறியபோது பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததும், 2006க்குப் பிறகு மறுபடி உயிர்பெற்றதும் எல்லோரும் பார்த்ததுதான். அட்டை ஒருவர் பெயரிலும் வியாபாரம் இன்னொருவர் கையிலும் இருந்த கடைகளை நானே பிடித்து எழுதியிருக்கிறேன். அது நடந்த இடங்களில், பேசி வாங்கும் பழக்கமும் ஓரிரு மாதங்களில் போய்விட்டது.

நாற்றங்கால்:

ஐயா சொன்ன சந்தை காய்கறிக்காரருக்குப் பொருந்தும். எங்களைப் போல நெல் போடுகிறவனுக்கு அது எட்டாது. ஒன்பது மா நிலத்தில், அதாவது ஏறத்தாழ மூன்று ஏக்கரில், சம்பா மட்டும் எடுக்கிற எனக்கு, அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை விட்டால் வியாபாரிதான். அங்கே சன்னரகம், பொதுரகம் என்ற இரண்டு கணக்குதான் உண்டு. மாப்பிள்ளைச் சம்பாவை 160 நாள் காத்திருந்து அறுத்துக் கொண்டுபோனாலும், அதற்கென்று தனி விலை கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் களத்தில் கொட்டி மறுபடி காயவைக்க வேண்டும்; மழை வந்தால் தார்ப்பாய்க்கு ஓட வேண்டும்.

வயல் நாளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊருக்கும் இப்படி இரண்டு முறை வந்திருக்கிறார்கள். நாற்றைப் பிடிக்கத் தெரியாமல் வேரோடு மடக்கி ஊன்றுவார்கள்; அது இரண்டே நாளில் மிதந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாலையில் மேடை போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தி, ‘உழவர்கள் இல்லையென்றால் உலகம் இல்லை’ என்று ஒருவர் பேசிவிட்டுப் போனார். அன்று காலையில் நான் அவரிடம் கேட்டது, உங்கள் குடியிருப்பில் யாராவது மாதம் 25 கிலோ அரிசி எடுத்துக்கொள்வார்களா என்ற ஒரே ஒரு கேள்வி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. பொன்னாடை பீரோவில் இருக்கிறது.

ஆதிரெங்கத்து வழிப்போக்கன்:

நாற்றங்கால் அவர்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் விழா என்ற வடிவத்தையே தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழாவுக்குப் பல ஆண்டுகள் போய் வந்தவன் நான். அதுவும் விழாதான். மேடை உண்டு, பேச்சு உண்டு, சாப்பாடு உண்டு, வேண்டிய அளவுக்கு மேல் பொன்னாடையும் உண்டு. ஆனால் அதன் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது.

பின்னணியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2003இல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை ஒரு நடைப்பயணம் போனார். அதில் உடன் நடந்தவர்களில் ஒருவர், பின்னாளில் ‘நெல்’ ஜெயராமன் என்றே அறியப்பட்டவர். வழியில் விவசாயிகள் கொடுத்த சில மரபு நெல் இரகங்களைப் பெற்றுக்கொண்டு வந்து பயிரிட்டதில்தான் அவருடைய வேலை தொடங்கியது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது, மீட்டெடுத்த இரகங்களின் எண்ணிக்கை 170ஐத் தாண்டியிருந்தது. பிற்பாடு தமிழ்நாடு அரசு 2021இல் முதன்முதலாக வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை கொண்டுவந்தபோது, அவர் பெயரிலேயே மரபுசார் நெல் பாதுகாப்பு இயக்கம் அறிவிக்கப்பட்டது.

அந்த நெல் திருவிழாவை நடத்திவந்த அவருடைய வேலையின் உயிர்நாடி ஒரு எளிய விதிதான். விழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசமாகக் கொடுப்பார்கள். அவர் அதைப் பயிரிட்டு அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை வெறும் பெருந்தன்மை என்று எண்ணிவிடக் கூடாது. ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும் என்பதால், இரண்டு கிலோ என்பது அரை ஏக்கருக்கு மேல் சோதித்துப் பார்க்கப் போதுமான அளவு. தவறினாலும் பெரிய நட்டமில்லை. விளைந்தால் நான்கு கிலோ என்பது விளைச்சலில் கண்ணுக்கே தெரியாத பங்கு. ஆனால் அந்த நான்கு கிலோவைச் சுமந்துகொண்டு மறுபடி வர வேண்டும் என்ற கடமை இருக்கிறதே, அதுதான் அடுத்த ஆண்டு விழாவை நிரப்பியது. பூங்கார் வாங்கிக்கொண்டு போனவரும் காட்டுயானம் வாங்கிக்கொண்டு போனவரும் ஒருவருக்கொருவர் விளைந்த கதை சொல்வார்கள். காட்டுயானம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதம் நிற்கும் பயிர். அதைப் பயிரிட்டவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். எனக்குப் பிடித்த பகுதி மேடையைவிட அந்தப் பேச்சுதான்.

எனவே செயற்குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது நம் குடும்பங்கள் எதையாவது திருப்பிக் கொடுக்கக் கடன்பட்டுத் திரும்புகின்றனவா என்பதுதான். கடன் இல்லாத உறவு அந்த மாலையோடு முடிந்துவிடுகிறது.

நாற்றங்கால்:

அந்த இரண்டுக்கு நான்கு முறையில் நானும் விதை வாங்கியிருக்கிறேன். ஒரு முறை வாங்கிய கருங்குறுவையில் நூற்றுக்குப் பத்துக் கதிர் வேறு நெல்லாக இருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர் என்பதால் வயலில் அவ்வளவாகக் கலக்காது. களத்திலும் அறுவடை இயந்திரத்திலும்தான் கலக்கிறது. முந்தின வயலில் அறுத்த நெல் இயந்திரத்துக்குள்ளேயே தங்கி, நம் வயலில் வந்து விழும். கதிர் வந்தவுடன் இறங்கிக் கலவன், அதாவது கலந்து முளைத்த வேறு இரகச் செடிகள், பிடுங்கினால்தான் விதை சுத்தமாக நிற்கும். அதற்கு ஆள் வேண்டும். நகரத்துக்காரர்கள் நடவுக்கு வருவதற்குப் பதிலாகக் கலவன் பிடுங்க வரலாம். நின்று நிதானமாகப் பார்த்து, உயரத்திலும் நிறத்திலும் மாறுபட்ட கதிரை மட்டும் பிடுங்குகிற வேலை அது. கண் இருந்தால் போதும், இடுப்பு ஒடியாது. வரிசை விட்டு நட்டிருந்தால் நடக்கவும் இடம் இருக்கும், பயிரையும் மிதிக்க வேண்டியிராது.

நான்காம் ஆண்டு மாணவி:

வேளாண் கல்லூரியில் படிக்கும் நாங்கள் இறுதியாண்டில் ஒரு பருவம் கிராமத்தில் தங்கி வேலை செய்ய வேண்டும். தரையில் கோலப்பொடியால் ஊரின் வரைபடம் போட்டு, வாய்க்கால் எங்கே, கிணறு எங்கே, எந்தத் தெருவில் மாடு அதிகம் என்று ஊர்க்காரர்களையே குறிக்கச் சொல்வோம். நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும் ‘மாணவிகள் செயல்விளக்கம்’ படங்கள் பெரும்பாலும் எங்களுடையவைதான். உண்மையைச் சொன்னால், முதல் மூன்று வாரம் ஊரார் எங்களைப் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி என்னைத் தன் வெண்டைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், நாங்கள் துண்டறிக்கையில் அச்சிட்டிருந்த மருந்தளவு அவர் வாங்கும் புட்டியின் மூடிக் கணக்கோடு பொருந்தவில்லை என்று காட்டிய பிறகுதான் பேச்சு தொடங்கியது. அன்றிலிருந்து மூடிக் கணக்கிலேயே எழுதினோம். ஒரே நாளில் போய்வருபவர்களுக்கு அந்த மூன்று வாரத் தயக்கத்தைத் தாண்டும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

1974இல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது என்று பாடத்தில் படித்தோம். இன்று பெரும்பாலான மாவட்டங்களில் அவை இருக்கின்றன. உங்கள் குடியிருப்பு முதலில் அங்கே போய்க் கேட்கலாம். அந்தப் பகுதியில் யார் என்ன பயிரிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மொட்டைமாடி:

நான் சென்னையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் பதினெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியிடம் ஆறு ஆண்டுகளாக அரிசி வாங்குகிறோம். அதில் கற்ற பாடங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குடியிருப்பில் மூன்று வீட்டார் மட்டும் வாங்கியதற்குக் காரணம் மனமில்லாமை அன்று என்று நினைக்கிறேன்.

உங்கள் அரிசி குழைந்ததற்குக் காரணம், அது தையில் அறுத்து உடனே அரைத்த புது அரிசி. நெல்லாகவே ஐந்தாறு மாதம் வைத்திருந்து அரைத்தால் குழையாது. இதை யாரும் சொல்லாததால் ஒரு வீடு போய்விட்டது. அடுத்தது வண்டு. மருந்து போடாத அரிசியை மொத்தமாக 25 கிலோ வாங்கி வைத்தால் மழைக்காலத்தில் வண்டு வரத்தான் செய்யும். நாங்கள் மாதம் ஒருமுறை, வீட்டுக்கு ஐந்து கிலோ என்று மட்டும் எடுக்கிறோம். மிச்சம் அவருடைய குதிரில் நெல்லாகவே இருக்கிறது. ஆனால் இதற்காக அவர் மாதாமாதம் சிறிய அளவில் அரைக்க வேண்டும். பெரிய ஆலைகள் இருபது, முப்பது மூட்டைக்குக் குறைவாக அரைப்பதில்லை, அரைத்தாலும் முந்தைய அரிசி கலந்துவிடும். சிறிய அரவை இயந்திரம் உள்ள ஓர் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

மூன்றாவதுதான் மிகவும் கடினமானது. விவசாயிக்குப் பணம் தேவைப்படுவது ஆடியிலும் ஆவணியிலும். நாம் பணம் கொடுப்பது அரிசி கைக்கு வந்த பிறகு. இடைப்பட்ட மாதங்களில் அவர் வட்டிக்கு வாங்குகிறார். ஜப்பானில் 1970களில் நகரத்து இல்லத்தரசிகளும் உழவர்களும் சேர்ந்து ‘தெய்க்கெய்’ என்ற முறையை வளர்த்தார்கள். அமெரிக்காவில் 1980களின் நடுவில் இதையொத்த பங்குதாரர் பண்ணைகள் தோன்றின. பருவத் தொடக்கத்திலேயே குடும்பங்கள் முன்பணம் கொடுத்துவிடும். விளைச்சல் குறைந்தால் எல்லோருக்கும் குறையும், கூடினால் எல்லோருக்கும் கூடும். எங்கள் பதினெட்டுக் குடும்பங்களில் முன்பணத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள் பதினொருவர். மற்ற எழுவரை நாங்கள் வற்புறுத்தவில்லை.

காவிரிக்கரை வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 வீடுகள், வீட்டுக்கு மாதம் ஐந்து கிலோ, பத்து மாதம் என்றால் 1,500 கிலோ அரிசி. நெல்லில் 62 சதவீதம் அரிசி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 2,400 கிலோ நெல், அதாவது 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை. எங்கள் விவசாயி மரபு இரகத்தில் ஏக்கருக்கு 18 மூட்டை காண்பதாகச் சொல்கிறார். அப்படியென்றால் இரண்டேகால் ஏக்கருக்கு 30 வீடுகள் போதும். 140 வீடுகள் உள்ள குடியிருப்பில் 30 பேர் கிடைக்க மாட்டார்களா என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேருந்து வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் சென்ற ஆண்டு நாங்கள் செலவிட்ட தொகை, ஓர் ஏக்கரின் நடவுக் கூலியைவிட அதிகம் என்பதும் இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் உறைத்தது.

ஒரு சந்தேகம். அங்ககச் சான்று, அதாவது இயற்கை முறையில் விளைந்தது என்ற சான்று, இல்லாமல் இப்படி வாங்கலாமா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்கிறார்.

ஓய்வுபெற்ற உதவி அலுவலர்:

சிறு உற்பத்தியாளர் தானே நேரடியாகக் கடைசி நுகர்வோருக்கு விற்கும்போது, 2017ஆம் ஆண்டின் அங்கக உணவு ஒழுங்குமுறைகளில் சான்றுக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. வேறொருவர் மூலமாக விற்றால்தான் அந்த விலக்கு பொருந்தாது. சான்று வேண்டுமென்றால் பங்கேற்பு உறுதியளிப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐவர் சேர்ந்து குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறுவது. நுகர்வோரும் அந்தப் பார்வையிடலில் உடன் போகலாம். வயல் நாள் என்ற பெயரை விட மனமில்லையென்றால், அந்த நாளையே வயல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வருகைக்கு அப்போது ஒரு வேலை இருக்கும்.

ஆதிரெங்கத்து வழிப்போக்கன்:

விதையையும் இதில் சேர்க்க முடியும். குடியிருப்பின் சார்பில் பத்துக் கிலோ விதைநெல் வாங்கி அந்த விவசாயிக்குக் கொடுங்கள். அடுத்த தையில் அவர் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டாம். அதே ஊரில் இன்னொருவருக்கு இருபது கிலோவாகக் கொடுக்கட்டும். அப்போது மூன்றாம் ஆண்டில் உங்கள் முப்பது வீடு போதாமல் போகும், பக்கத்துக் குடியிருப்பையும் அழைக்க வேண்டி வரும்.

காவிரிக்கரை வாசி:

செயற்குழு நேற்று கூடியது. விவாதம் நீண்டது. குழந்தைகளின் மகிழ்ச்சியை ஏன் கெடுக்கிறீர்கள் என்று சிலர் வருத்தப்பட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கடைசியில் ஒலிபெருக்கியும் பேருந்தும் நீங்கின. அதற்குப் பதிலாக, விருப்பமுள்ள வீடுகள் ஆடியில் வீட்டுக்கு 1,000 ரூபாய் முன்பணம் கொடுப்பது, பாக்கியை மாதாமாதம் அரிசி வாங்கும்போது கொடுப்பது என்று முடிவாயிற்று. இதுவரை 22 வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. வருகை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் எட்டுப் பேருக்கு மேல் போவதில்லை: நாற்றங்கால் பார்க்க ஒரு முறை, கதிர் வந்தபின் கலவன் பிடுங்க ஒரு முறை, அறுவடைக்கு ஒரு முறை. குழந்தைகள் கலவன் பிடுங்கும் நாளில் வருவார்கள். உடைந்த வரப்புக்கும் மறுநடவுக்கும் ஆன கூலியை நான் நேரில் போய்க் கொடுத்தேன். வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

முதல் வருகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்போதே குறித்துவிடலாமா?

நாற்றங்கால்:

தேதியை மட்டும் நீங்கள் குறிக்காதீர்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2022இல் மே 24லேயே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தண்ணீர் கடைமடை வந்து, சேடை ஓட்டி (தண்ணீர் கட்டிச் சேற்றுழவு செய்து), விதை தெளித்த பிறகு அவரே உங்களை அழைப்பார். அது செவ்வாய்க்கிழமையாகவும் இருக்கலாம். எட்டுப் பேரில் நான்கு பேர் விடுப்பு எடுத்து வந்தாலும் போதும்.

விதைநெல் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சாக்கின் வெளியே இரகத்தின் பெயரை எழுதுவதோடு நிறுத்தாமல், ஒரு சீட்டில் எழுதி உள்ளேயும் போடச் சொல்லுங்கள். வெளியே எழுதியதை எலி தின்றுவிடும்.